கை காட்டியவர் யார்?



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அவர் சென்னை ஹார்பரில் வேலை பார்த்தவர். என் அப்பாவும் ஹார்பர்தான். கப்பலில் சிக்னல்மேன். அந்த வேலை எப்படிப்பட்டது என்பது இங்கே பாதிப் பேருக்காவது தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். கப்பலின் மேல்தளத்தில் வின்ச் ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பார். சரக்கு இருப்பதோ கீழே, ஆழமான அறையில். வின்ச்காரரின் கண்ணுக்கு அது தெரியாது. அங்கே பத்துப் பேர் மூட்டைகளை வலையில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். மேலே ஹேட்ச் வாயின் விளிம்பில் சிக்னல்மேன் நிற்பார். ஒரு கண் கீழே, ஒரு கண் வின்ச்காரர் மேல். ஆள்காட்டி விரலை மேலே பார்க்க வைத்துச் சுழற்றினால் தூக்க வேண்டும். கீழே பார்க்க வைத்துச் சுழற்றினால் இறக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினால் நிறுத்த வேண்டும். வின்ச் போடும் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அந்தக் கை ஒரு நொடி பிசகினால் கீழே நிற்பவன் தலையில் ஒரு டன் விழும்.

எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் பழைய படம் காலைக்காட்சி போட்டார்கள். ‘மந்திரி குமாரி’. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது சினிமாப் பத்திரிகை படிக்கிற பைத்தியம். திரும்பி நடந்து வரும்போது என் ஞானத்தைக் காட்ட, “இந்தப் படத்தை எடுத்தது ஒரு வெள்ளைக்காரர்ப்பா. அமெரிக்கர். அவருக்குத் தமிழே தெரியாது” என்றேன். அப்பா நாலு எட்டு பேசாமல் நடந்தார். பிறகு கேட்டார்:

“அப்போ அவருக்கு யார்ப்பா கை காட்னது?”

அந்தக் கேள்வியை ஐம்பது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ் சினிமாவுக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன மேதை என்கிற பாணியில்தான் அநேகமாக எல்லாமே இருக்கும். என் அப்பா கேட்ட இடத்திலிருந்து அவர் வாழ்க்கையைப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

டங்கன் 1909இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிய ஊர் அது. கரித்தூசி என்றால் என்னவென்று எண்ணூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1929இல் சினிமாவைப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. டங்கன் அங்கே போய்ச் சேர்ந்தார். கூடப் படித்தவர்களில் ஒருவர் மாணிக் லால் டாண்டன் என்ற இந்திய இளைஞர். படிப்பு முடிந்தபோது அமெரிக்காவில் பொருளாதார மந்தம், வேலை குதிரைக்கொம்பு. ‘எங்கள் நாட்டில் பேசும்படம் இப்போதுதான் சூடுபிடிக்கிறது, வா’ என்று டாண்டன் அழைத்தார். டங்கனும் இன்னொரு வகுப்புத் தோழர் மைக்கேல் ஒமலெவும் 1935இல் கப்பலேறினார்கள். ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. டங்கனுக்கு அது பதினைந்து வருஷமாக நீண்டது.

அவருக்கு முன்பே எதிர்த்திசையில் ஒருவர் போய்வந்திருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் மின்ட் தெருவில் கிரௌன் தியேட்டர் கட்டிய ரகுபதி வெங்கையா, தன் மகன் பிரகாஷைத் தொழில் பழக லண்டனுக்கு அனுப்பினார். பிரகாஷ் திரும்பி வந்து 1921இல் ‘பீஷ்ம பிரதிக்ஞை’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931இல் திரையிடப்பட்டதும் அதே வடசென்னையில்தான், கினிமா சென்ட்ரலில். பிற்பாடு முருகன் தியேட்டர் என்று நாம் அறிந்த கொட்டகை அது. ஆகவே வெறும் பொட்டலில் வந்து இறங்கியவர் அல்லர் டங்கன். ராஜா சாண்டோ, கே. சுப்பிரமணியம் போன்றவர்கள் நாடக மேடையின் பிடியிலிருந்து சினிமாவை விடுவிக்க ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்தார்கள். டங்கனைப் புகழ இவர்களை மறைக்க வேண்டியதில்லை.

வந்ததும் டாண்டன் எடுத்துக்கொண்டிருந்த ‘நந்தனார்’ படத்தில் கல்கத்தாவில் உதவி. கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்து எடுத்தார்களே, அந்தப் படம். அது முடிவதற்குள் கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியாரின் மனோரமா பிலிம்ஸ் டாண்டனை இன்னொரு படத்துக்குக் கேட்டது. தனக்கு நேரமில்லை, என் நண்பரை வைத்து எடுங்கள் என்றார் அவர். அப்படித்தான் ‘சதிலீலாவதி’ டங்கன் கைக்கு வந்தது. 1936இல் வெளியானது. கதை எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். கதாநாயகன் எம்.கே. ராதா. என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் இருந்தார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேடத்தில் ஓர் இளைஞர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். பெயர் எம்.ஜி. ராமச்சந்திரன்.

இந்தப் படத்தின் கதை எனக்கு முக்கியம். குடியில் விழுந்த ஒருவன், கொலை செய்துவிட்டோம் என்று நம்பி ஊரைவிட்டு ஓடுகிறான். ஓடிப்போய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். ராமரும் கிருஷ்ணரும் அரிச்சந்திரனும் திரையை நிறைத்திருந்த காலம். மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து தலைமன்னாருக்குக் கப்பலேறிய தமிழன் கதை அதற்குள் வந்துவிட்டது. நம் ஹார்பரிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் கப்பலாகச் சனம் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒவ்வொரு தெருவிலும் கடல் தாண்டிப் போய்த் தகவல் இல்லாமல்போன ஒருவர் இருந்தார். படம் பார்த்தவர்களுக்கு அது தூரத்துக் கதையாக இருந்திருக்காது. தானும் கடல் தாண்டி வந்தவர்தான் அதை எடுத்தார் என்பதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இந்தக் கதை கோர்ட்டுக்கும் போனது. ‘பதிபக்தி’ நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு. வாசன் வந்து சாட்சி சொன்னார்: என் கதையும் அந்த நாடகமும் இரண்டுமே ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற ஆங்கில நாவலிலிருந்து வந்தவை. மது ஒழிப்புக்காக இங்கிலாந்தில் 1860இல் ஒரு பெண்மணி எழுதிய நாவல் அது. கதை இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போய், அமெரிக்கர் ஒருவரின் கேமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறது. மனிதர்களைவிடக் கதைகள் அதிகம் கப்பலேறியிருக்கின்றன.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்ப் படம் எடுப்பது எப்படி? திரைக்கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள். டங்கன் அதை வைத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுவார். எந்த இடத்தில் முகம் நெருக்கத்தில் வர வேண்டும், எங்கே கேமரா நகர வேண்டும் என்பது முன்கூட்டியே தாளில் இருக்கும். செட்டில் பக்கத்திலேயே வசனம் கவனிக்கும் ஆட்கள். நடிகர் சொன்னது எழுதியபடி இருக்கிறதா, உச்சரிப்பு தட்டுகிறதா, உணர்ச்சி வேறு பக்கம் போகிறதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். டங்கனுக்குக் காது இல்லை, கண் மட்டும் இருந்தது. காதை மற்றவர்களிடம் கடன் வாங்கினார்.

தொழில் தெரிந்தவர்கள் இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஒரு படத்தில் நாற்பது, ஐம்பது பாட்டு இருக்கும். பின்னணி பாடும் முறை இன்னும் வரவில்லை. நடிகரே கேமரா முன்னால் நின்று பாடுவார். கேமரா ஆடாமல் அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாடகக் கொட்டகையில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. மொழி தெரிந்த இயக்குநருக்குப் பாட்டும் வசனமும் சரியாக வந்தால் மனம் நிறைந்துவிடும். டங்கனுக்கு அந்த நிறைவு கிடைக்க வழியில்லை. சொல் புரியாததால் முகத்தைப் பார்த்தார். கை எங்கே போகிறது, கண் எந்தப் பக்கம் திரும்புகிறது, வெளிச்சம் கன்னத்தில் எப்படி விழுகிறது என்று பார்த்தார். ஒலியை மூடிவிட்டாலும் கதை புரிய வேண்டும் என்கிற நெருக்கடி அவருக்கு இருந்தது. தமிழ் சினிமா பேசக் கற்றுக்கொண்ட ஐந்தாம் வருஷமே அதைப் பார்க்கவும் பழக்கிய ஆட்களில் அவர் ஒருவர். அவருடைய குறைதான் அதைச் செய்தது என்று நான் திடமாக நம்புகிறேன்.

1937இல் ‘அம்பிகாபதி’. சேலம் சண்முகா பிலிம்ஸ், கல்கத்தாவில் படப்பிடிப்பு. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும். கம்பர் மகனுக்கும் சோழன் மகளுக்கும் காதல். டங்கனுக்குக் கம்பரைத் தெரியாது. ஆனால் இரண்டு குடும்பத்துக்கு நடுவே அகப்பட்டுச் சாகிற காதலர்களைத் தெரியும். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டில் காதல் காட்சிகளைக் குறித்துக்கொடுத்து, இந்தச் சாயலில் வேண்டும் என்று வசனகர்த்தா இளங்கோவனிடம் கேட்டார். இளங்கோவன் அதை அப்படியே பெயர்த்துத் தந்திருந்தால் பாகவதர் ரசிகர்கள் எழுந்து போயிருப்பார்கள். அவர் தமிழாக எழுதினார். அதுவரை படங்களில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஒட்டுத்துணியாக இருந்த வசனம், காதுக்கு இனிய உரைநடையாக நிமிர்ந்து நின்றது. ‘அம்பிகாபதி’ ஒரு வருஷம் ஓடியது. பிறகு வந்த வசனகர்த்தாக்களின் காலத்துக்கு அங்கேதான் வாசல் திறந்தது.

ஹேட்ச் விளிம்பில் நிற்கிற முதல் ஆளின் பெயர் நமக்குக் கிடைத்துவிட்டது: இளங்கோவன்.

நடுவில் எடுத்த ‘சீமந்தனி’, ‘இரு சகோதரர்கள்’, ‘சூர்யபுத்ரி’, ‘தாசிப்பெண்’ ஆகியவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. ‘காளமேகம்’ படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் கவி காளமேகமாக நடிக்க வைத்தார்கள், 1940இல். சிலேடையே உயிரான ஒரு புலவரை, சிலேடை என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் படம்பிடித்தார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. அதே வருஷம் ‘சகுந்தலை’. எம்.எஸ். சுப்புலட்சுமி, ஜி.என். பாலசுப்பிரமணியம் இருவரும் ஒரே திரையில்.

பிறகு யுத்தம். அந்தக் காலத்தை ராயபுரத்துப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊர் காலியானது. 1914இல் எம்டன் குண்டு போட்டதைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்ததால் பயம் இரட்டிப்பு. ஸ்டூடியோக்கள் முடங்கின. டங்கன் அரசுக்காகச் செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் எடுத்தார். சினிமாவுக்கு இன்னொரு அடி ஹார்பர் வழியாகவே விழுந்தது. கச்சா பிலிம் ஓர் அடிகூட நம் நாட்டில் தயாராகவில்லை. அறுபதுகளில் ஊட்டித் தொழிற்சாலை வரும்வரை எல்லாமே கப்பலில் வந்ததுதான். ஜெர்மனியின் ஆக்பா நின்றது. மற்றதும் அருகியது. 1943இல் அரசு உத்தரவு போட்டது: ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது. அதற்கு முந்தைய படங்கள் பதினெட்டாயிரம், இருபதாயிரம் அடி நீளம் போனவை.

அந்த நெருக்கடியில்தான் ‘மீரா’ எடுத்தார்கள். கீழ்ப்பாக்கம் நியூடோன் ஸ்டூடியோவிலும், ராஜஸ்தானத்து அரண்மனைகளிலும், பிருந்தாவனத்திலும், துவாரகையிலும். நின்று நிதானமாக இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். எம்.எஸ். அம்மாவின் முகத்தை எப்படி ஒளியில் நிறுத்துவது என்று டங்கனுக்கும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜிக்கும் கவலை. பிலிமை வீணடித்துச் சோதித்துப் பார்க்கிற காலம் இல்லை. எம்.எஸ்.ஸையும் மணிக்கணக்காக விளக்குச் சூட்டில் நிறுத்த முடியாது. அவருடைய தலையையும் மார்பையும் சாந்தில் சிலையாக வார்த்தார்கள். அந்தச் சிலையை வைத்து விளக்கை உயர்த்தியும் தாழ்த்தியும், பக்கவாட்டில் நகர்த்தியும், கேமராவைக் கீழிருந்தும் மேலிருந்தும் வைத்தும் படமெடுத்துக் கழுவிப் பார்த்தார்கள். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, எந்தக் கோணத்தில் கண் ஆழமாகிறது, எந்த வெளிச்சத்தில் பக்தி தெரிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அவரை நிற்க வைத்தார்கள்.

‘மீரா’வைப் பார்த்தவர்கள், அந்த முகத்தில் தெய்வ களை என்பார்கள். களை அவருடையது. அதை இழக்காமல் பிலிமில் இறக்கி வைத்தது, ஒரு சாந்துச் சிலையோடு விளக்கணைக்காமல் கிடந்த மனிதர்களின் உழைப்பு. பானர்ஜி ஒரு வங்காளி, டங்கன் ஒரு அமெரிக்கர், மீரா ராஜபுத்திரப் பெண், பாடியவர் மதுரைக்காரர், பாடல் எழுதியவர்களில் ஒருவர் கல்கி, இசை எஸ்.வி. வெங்கட்ராமன். 1945 தீபாவளிக்கு வெளிவந்தது. இரண்டு வருஷம் கழித்து இந்தியில் வந்தபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை வட நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார்.

கடைசி இரண்டு படங்களும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். 1950இல் வந்த ‘பொன்முடி’ பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்திலிருந்து பிறந்தது. காதலர்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்கலாமா, இது அமெரிக்க வழக்கமல்லவா என்று பத்திரிகைகள் கண்டித்தன. கவிதையில் இருந்ததைக் கண்ணில் காட்டியதற்கு விழுந்த அடி. பாரதிதாசனை யாரும் அமெரிக்கர் என்று சொல்லவில்லை.

அதே வருஷம் ‘மந்திரி குமாரி’. மு. கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். கதையின் வித்து குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பெயர்தான், நம் கையில் மிஞ்சியது விரல்விட்டு எண்ணும்படியான சில பாடல்கள். தன்னைத் தள்ளிவிட மலை உச்சிக்கு அழைத்துப் போகிற கணவனை, கடைசியாக மூன்று முறை வலம் வருகிறேன் என்று சொல்லி மனைவி தள்ளிவிடுகிறாளே, அந்தக் காட்சி காப்பியக் கதையிலிருந்து திரைக்கு வந்தது. அப்பா அந்த இடத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. படம் முடிவதற்குள் டங்கன் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். முதலாளி டி.ஆர். சுந்தரமே மிச்சத்தை முடித்தார். டைட்டிலில் இருவர் பெயரும் உண்டு. எந்த ஷாட் யாருடையது என்று பிரிப்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஒரு ஷிப்டில் தொடங்கிய சரக்கை அடுத்த ஷிப்ட் இறக்கி முடிப்பது நமக்குப் பழக்கம்.

இந்த இடத்தில் நம் வடசென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டங்கன் புறப்பட்ட அதே காலத்தில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், பெட்டிகளில் வந்திறங்கிய ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியிருந்தது. திருவொற்றியூரில் ஸ்வீடன்காரர்களின் மூலதனத்தில் விம்கோ தீப்பெட்டி செய்துகொண்டிருந்தது. 1955இல் அங்கேயே என்பீல்டு வந்தது. வெளியிலிருந்து மிஷினும் வரைபடமும் வரும், கூடவே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரும் வருவார். அதை ஓடவைத்தவன் ராயபுரத்து ஃபிட்டர். அந்த இன்ஜினியருக்கும் ஃபிட்டருக்கும் நடுவில், இரண்டு பேச்சும் ஓரளவு தெரிந்த ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் இல்லாமல் ஒரு போல்ட்டும் ஏறியிருக்காது. டங்கனின் செட்டும் அதே மாதிரி ஒரு தொழிற்சாலைதான்.

அமெரிக்கா போன பிறகு டங்கன் மேற்கு வர்ஜீனியாவில், வீலிங் என்ற ஊரில் தங்கினார். பிறந்த ஊருக்குப் பக்கம். இந்தியாவில் எடுக்கப்பட்ட சில ஹாலிவுட் படங்களில் பங்காற்றினார். மற்றபடி ஆவணப்படங்கள், தொழில்நிறுவனங்களுக்கான படங்கள். எம்.எஸ்.ஸையும் பாகவதரையும் எம்.ஜி.ஆரையும் இயக்கியவர் என்பது அந்த ஊரில் எத்தனை பேர் காதில் ஏறியிருக்கும்! 1994இல் சென்னைக்கு ஒருமுறை வந்தார். திரையுலகம் மேடையேற்றிக் கௌரவித்தது. வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 2001 டிசம்பர் 1ஆம் தேதி வீலிங்கில் காலமானார். கரண் பாலி 2013இல் அவரைப் பற்றி ‘ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். பாருங்கள், வயதான டங்கன் பேசுவதையும் கேட்கலாம்.

பதினைந்து வருஷத்தில் அவரோடு நின்று வார்த்தையைக் காதில் போட்டவர்கள், ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழ் நடிகர் முகம் கோணாதபடி எடுத்துச் சொன்ன உதவியாளர்கள், டிராலி தள்ளியவர்கள், விளக்குத் தூக்கியவர்கள் எத்தனை பேர்! இளங்கோவனுக்கும் பானர்ஜிக்கும் டைட்டிலில் இடம் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இவர்களில் பலர் கீழ்ப்பாக்கத்திலும் புரசைவாக்கத்திலும் இந்தப் பக்கத்துச் சந்துகளிலும் குடியிருந்த ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். நியூடோன் ஸ்டூடியோவுக்கு இங்கிருந்து சைக்கிளில் போய்விடலாம்.

உங்களில் யாருடைய தாத்தாவாவது, பெரியப்பாவாவது ஸ்டூடியோவில் வேலை பார்த்திருந்தால், வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு குரூப் போட்டோவோ சம்பளச் சீட்டோ கிடக்கலாம். போட்டோவின் பின்னால் பென்சிலில் பெயர்கள் எழுதியிருக்கலாம். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூட்டம் முடிந்த பிறகு அரைமணி நேரம் இந்த மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன். நோட்டும் பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன்.